வராத காமாலை

அத்தியாயம் 14

மனோஜ்குமாரைப் போன வாரம் எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைவிருக்கும். மனைவி வைத்த சாம்பாரை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, காரின் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தேழு வயது. குறிச்சியில் சொந்தமாக பம்ப் உதிரிபாகப் பட்டறை. ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷன் சொந்த வீட்டுச் சாம்பாரைத் திருடிக்கொண்டு போனான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அவனுக்கு வரவில்லை. லோகப்பிரியா தன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்பதில் அவனுக்குத் துளியும் ஐயமில்லை.

காரணம் இல்லாமலும் இல்லை. கொஞ்ச நாளாக அவனுக்கு வாய் வறண்டு போகிறது. மதியம் ஆனால் பட்டறை நாற்காலியிலேயே கண் செருகுகிறது. காலையில் வீட்டில் தின்றதுதான் மதியம் வேலையைக் காட்டுகிறது என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான்.

அந்தப் பாட்டில், காந்திபுரத்தில் உணவுப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் நண்பன் கலீல் ரஹ்மானிடம் போய்ச் சேர்ந்தது. கூடவே இரண்டாவதாக ஒரு பாட்டிலும் போனது. அது என்ன என்பதை அவன் வாயாலேயே கேட்போம், பொறுங்கள். இரண்டுக்கும் முடிவு வருகிற நாள் இது.

சுந்தராபுரம் வீட்டில் காலை நேரம். லோகா தோசை வார்த்துப் போட்டாள். மனோஜ் தட்டைத் தொடவில்லை. அவள் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கி முடித்த பிறகுதான் அவன் கை தட்டுக்கே போகும். கல்யாண விருந்துக்குப் போனாலும் பக்கத்து இலைக்காரர் தின்று முடிக்கும் வரை இலையை வேடிக்கை பார்க்கிறவன். தண்ணீருக்கு அவனுக்கென்று சீல் உடைக்காத கேன் தனியாக இருக்கும். வீட்டுப் பானையில் அவன் தண்ணீர் மொண்டு குடித்து வருஷக்கணக்காகிறது.

எதிரே மகள் வர்ணிகா. நாலாம் வகுப்பு. ஆடி மாதத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளை பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டது. வாஷிங்மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. நாள் முழுவதும் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான்.

இப்போதும் தோசையைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டு, தட்டிலேயே வைத்தது.

மனோஜ் அதைக் கவனிக்கவில்லை. லோகா பிள்ளைக்குக் கண்ஜாடை ஏதாவது காட்டுகிறாளா என்பதில் குறியாக இருந்தான்.

"ஏனுங்க, இன்னைக்கு நாலு மணிக்கு" என்றாள் லோகா.

"எது நாலு மணிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. டாக்டர் ஹுமேரா. கொழந்தைங்க மனசுக்குப் பார்க்கறவங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் வரோணும்னு சொல்லியிருக்காங்க."

"புள்ளைக்குப் பார்க்கறதுக்கு என்னைய எதுக்குக் கூப்பிடறாங்க? நான் என்ன பண்ணிப்போட்டேன்?"

"நீங்க பண்ணுனீங்கன்னு யாருங்க சொன்னா?"

"சொல்லாமயா கூப்பிடறாங்க?"

லோகா அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி வைத்தாள். அவசரமில்லாமல் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வந்தா வாங்க. வரலைன்னா நானும் வர்ணிகாவும் அங்கிருந்தே காந்திபுரத்துல பஸ் ஏறிப் பெருந்துறைக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவோமுங்க. அம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன். இது மெரட்டல் இல்லீங்க. எனக்கு முடியல. புள்ளை கரைஞ்சு போயிட்டிருக்குது. நீங்க சாம்பார மோந்து பார்த்துட்டு இருக்கறீங்க."

அவள் குரல் கடைசியில் உடைந்தது. அந்த உடைசல் அவன் காதில் விழவில்லை. ‘அம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன்’ என்பது மட்டும் விழுந்தது. ஆக, திட்டம் முன்னமே தயாராகியிருக்கிறது. டாக்டரம்மாவும் இவள் ஆளாகத்தான் இருக்க வேண்டும். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"அம்மணி, தோசை வேண்டாமா கண்ணு?" என்று மகளிடம் கேட்டான்.

வர்ணிகா அவன் தட்டைப் பார்த்தாள். அதில் தோசை வைத்தது வைத்தபடி ஆறிக் கிடந்தது. நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி வாஷிங்மெஷின் சந்துக்குப் போய்விட்டாள்.

உலகத்தில் மனோஜ் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. போத்தனூரில் அவன் அக்கா பத்மாவதியின் வீடு.

அவனைவிட எட்டு வயது பெரியவள். அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் அவள்தான். தாலி கட்டப் போகிற தம்பிக்குப் பக்கத்தில் கூடப் பிறந்தவள் வந்து நிற்கிற சீர் அது. மேடையில் அவள் பக்கத்தில் நின்றபோது, இனி யார் வந்தாலும் போனாலும் அக்கா இருக்கிறாள் என்று அவனுக்குத் தைரியம் வந்தது. அப்பா அம்மா போன பிறகு அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. லோகாவோடு பேச்சு முறுகியதிலிருந்து மதியச் சாப்பாடே அக்கா வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வர்ணிகாவையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிடுவான். மாமா நஞ்சுண்டனுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் மெடிக்கல் ஷாப். மதியத்தில் வீட்டில் இருக்க மாட்டார்.

"வா சாமி. மொகமெல்லாம் வாடிப்போய்க் கெடக்குது. உக்காரு, சந்தகை புழிஞ்சு வெச்சிருக்கறேன்."

ஆவி பறக்கும் சந்தகை, கொங்கு நாட்டு இடியாப்பம். பக்கத்துக் கிண்ணத்தில் வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால். மனோஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இந்த வீட்டுக்குள் வந்தால்தான் அவன் தோள் கொஞ்சம் இறங்கும்.

"லோகா இன்னைக்குப் புள்ளைய மனசு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறாளுங்கக்கா. நான் வரலைன்னா பெருந்துறைக்கே போயிருவாளாமா."

பத்மாவதியின் முகம் மாறியது. "டாக்டருகிட்டயா? வேண்டாங் கண்ணு. பொட்டப்புள்ளை. நாளைக்கு ஒரு எடம் வந்து ஊருக்குள்ள விசாரிக்கறப்ப, மனசுக்கு வைத்தியம் பார்த்த புள்ளைன்னு எவளாச்சும் ஒரு சொல்லு சொன்னாப் போதும், முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துல காமாலைன்னு சொல்லிப்போடு. பத்தியம்னு சொல்லி ஊட்டுல வெச்சுக்கலாம். உனக்கும் அப்படித்தான சொன்..."

நிறுத்திக்கொண்டாள். "உனக்கும் அப்படித்தான பார்த்துக்கிட்டோம்" என்று முடித்தாள்.

எள் விழுந்தாலும் என்ன சத்தம் என்று கேட்கிற மனோஜ், இதை மட்டும் கேட்கவில்லை. அக்கா பேச்சுக்கு அவனிடம் காவலே கிடையாது.

பத்து வயதில் அவனுக்குக் காமாலை வந்தது. அப்போது கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, எண்ணெய் இல்லாத உப்பில்லாத சோறு. பாயில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருப்பான். அவன் எழுந்து வந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவன் திரும்பிப் போனதும் மறுபடி குசுகுசுவென்று தொடங்கும். ராத்திரி அக்கா தேங்காய்ப்பால் கொண்டுவருவாள். இனிப்புக்கு அடியில் நாக்கு மரத்துப் போகிற மாதிரி ஒரு கசப்பு இருக்கும். கீழாநெல்லி என்றார்கள். அந்த ஒரு வருஷம் முழுக்க அவனுக்குப் பயமாக இருந்தது, யாரும் அவனிடம் எதையும் சொல்லவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று பள்ளிக்கு அனுப்பினார்கள். பேச்சை நிறுத்துகிறவர்களைக் கண்டால் சந்தேகப்படுகிற அந்தக் குணம் மட்டும் தேறவில்லை.

"இன்னைக்கு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துருமுங்கக்கா" என்றான் மனோஜ். "லோகா வெச்ச சாம்பாரை லேபுக்குக் குடுத்திருக்கறேன். கலீல் பாய் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."

"சாம்பாரை?"

"ஆமாங்க. அப்புறம் உங்க தேங்காப்பாலு."

பத்மாவதியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "என்ற பாலையுமா கண்ணு?"

மனோஜ் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "பட்டறையில ஒரு வார்ப்பு மேல சந்தேகம் வந்துச்சுன்னா அதை மட்டும் டெஸ்டிங்குக்கு அனுப்ப மாட்டமுங்கக்கா. கூட சுத்தமான பீஸ் ஒண்ணும் போகோணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் இதுல என்ன கலப்புன்னு தெரியும். மாஸ்டர் பீஸுன்னு சொல்லுவோம். ஒலகத்துல எனக்குச் சந்தேகமே இல்லாதது உங்க கைச் சாப்பாடு ஒண்ணுதானுங்களே."

கரண்டியிலிருந்த பால் தரையில் சிந்தியது. பத்மாவதி சட்டென்று கிண்ணத்தையே தூக்கிக்கொண்டாள்.

"இன்னைக்குப் பாலு வேண்டாஞ் சாமி. காத்தால புழிஞ்சது, புளிச்சிருக்கும். எலுமிச்சங்கா புழிஞ்சு தாரேன்."

"புளிச்சா என்னுங்கக்கா."

"வேண்டாங்கறேன்ல!"

அக்கா அவனிடம் குரல் உயர்த்திக் கேட்டதில்லை. தம்பிக்குப் புளித்த பால் ஆகாது என்று அவளுக்கு எத்தனை அக்கறை என்று நினைத்துக்கொண்டான். சமையலறையில் சிங்க்கில் பால் கொட்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

காந்திபுரத்தில் டவுன் பஸ்களுக்கு நடுவே வண்டியை நுழைத்து, ஒரு துணிக்கடை மாடியில் இருக்கும் லேபுக்கு மனோஜ் வந்து சேர்ந்தான். கலீல் ரஹ்மான் அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். கோட்டைமேட்டில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். மனோஜுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நண்பன் என்றும் சொல்லலாம். மற்றவர்களையெல்லாம் ஒவ்வொரு சந்தேகத்தில் ஒவ்வொருவராக உதிர்த்துவிட்டான்.

"உக்காருப்பா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் பாய். விஷயத்தச் சொல்லுங்க."

"சாம்பார்ல ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தாச்சு. உப்புத்தான் ஒரு கல்லு தூக்கல்." கலீல் சிரிக்கப் பார்த்து, அவன் முகத்தைக் கண்டு விட்டுவிட்டான். கதவைச் சாத்திவிட்டு வந்தான். "மனோஜு, அந்த இன்னொரு பாட்டிலு எங்க இருந்து எடுத்த?"

"அது மாஸ்டர் பீஸ் பாய். அதுல பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"அதுலதான் இருக்கு."

மனோஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"எனக்கே நம்பிக்கையில்லாம மெட்ராஸ் லேபுக்கு அனுப்பி மறுக்காவும் பார்க்கச் சொன்னேன். மனச்சோர்வுக்குக் குடுக்கற மாத்திரைப்பா. அந்தக் காலத்து மாத்திரை, இப்பவும் கடைல கெடைக்குது. சாப்பிட்டா வாய் வறண்டுபோகும். தூக்கந் தூக்கமா வரும். யாருக்குப்பா ஒடம்புக்குச் சரியில்ல?"

"பாட்டில் மாறிப்போச்சு."

"சாம்பாரும் தேங்காப்பாலும் எப்படிப்பா மாறும்?"

"மாறிப்போச்சு பாய்! இல்ல, லோகா உங்களுக்குப் போன் பண்ணுனாளா? நெசத்தச் சொல்லுங்க. அவ வந்து உங்களப் பார்த்தாளா?"

கலீல் கோபப்படவில்லை. பழகின நண்பனை இத்தனை பரிதாபமாக அவன் பார்த்ததில்லை. "உன் சம்சாரத்த நான் பார்த்தே ரெண்டு வருஷம் இருக்கும். வீட்டுக்குப் போ மனோஜு. இல்ல, இங்கயே கொஞ்சம் படுத்துக்க."

மனோஜ் படிக்கட்டில் இறங்கினான். பாதிப் படியில் நின்றுவிட்டான். வாயில் எதுவும் இல்லை. ஆனாலும் நாக்கின் அடியில் அந்தக் கசப்பு வந்தது. இனிப்புக்குக் கீழே, நாக்கை மரத்துப் போக வைக்கிற கசப்பு. இரண்டு மாதமாக அக்கா ஊற்றும் பாலில் அது இருந்தது. பத்து வயதிலும் அதுதான் இருந்தது. அக்கா கைப்பக்குவம் மாறவேயில்லை என்று போன வாரம்கூட அவன் சந்தோஷப்பட்டான்.

காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாய் சொல்லிட்டாரா கண்ணு?"

இல்லை என்று சொல்லுவாள், அழுவாள், சத்தியம் செய்வாள் என்று அவனுக்குள் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று.

"எனக்குக் காமாலையே வரலீங்களாக்கா?"

"இல்ல சாமி."

"பின்ன?"

"சோறு திங்க மாட்டீன்னுட்ட. பேச மாட்டீன்னுட்ட. ஒரு நா கெணத்து மேட்டுல நின்னு உள்ளாற எட்டிப் பார்த்துட்டே நின்ன. அம்மா கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்ல. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்து டாக்டருகிட்டக் காட்டுனோம். மனசு வாடிப்போயிருக்குது, வாராவாரம் கூட்டியாங்க, பேசிப் பார்க்கோணும்னாரு. ஊருக்குத் தெரிஞ்சா உன்ற பொழப்புப் போயிருமுன்னு அப்பா மறுக்காக் கூட்டிட்டுப் போகல. மாத்திரைய மட்டும் வாங்கியாந்தாரு. நீ துப்பிப்போட்ட. அதுக்குத்தான் அம்மா பால்ல கலக்கிக் குடுக்கச் சொல்லுச்சு."

"நான் கேட்டேனுங்கக்கா. அப்பவே கேட்டேன். இதுல என்ன கலந்தீங்கன்னு கேட்டேன்."

"கேட்ட."

"ஒண்ணுமில்ல, எல்லாம் உன்ற நெனப்புன்னு சொன்னீங்க. அழுததுக்கப்புறந்தான் கீழாநெல்லின்னீங்க."

"ஆமாங் கண்ணு."

"இப்ப எதுக்குக் கலந்தீங்க?"

"நீ பொண்டாட்டி புள்ளைய உட்டுப்போடுவியோன்னு எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. அப்ப அதுலதான கொணமாச்சுன்னு நெனச்சேன். மாமாவுக்குத் தெரியாது, கடையில இருந்து நானாத்தான் எடுத்தேன். கண்ணு, இன்னொண்ணும் சொல்லோணும்..."

அவன் போனை வைத்துவிட்டான். இதற்குமேல் இன்னொன்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

உண்மையைச் சொன்னால் முதலில் அவனுக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒரு கேவலமான சந்தோஷம். பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே. கலந்தார்கள், நிஜமாகவே கலந்தார்கள். சின்ன வயதிலிருந்து பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தீர்களே!

அடுத்த நொடி அந்தச் சந்தோஷம் வடிந்துபோனது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவனோ இத்தனை நாளும் லோகாவின் கைப்பையைத் துழாவினான். அவள் போனைப் புரட்டினான். ஹாலில் கேமரா மாட்டினான். சுத்தமான பாட்டில் அவளுடையது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அவன் அழுதான். வெளியே ஈரோடு பஸ் கண்டக்டர் அவிநாசி, பெருந்துறை என்று கூவிக்கொண்டிருந்தான்.

மணி நாலைத் தாண்டியிருந்தது.

அவன் கிளினிக் படியேறும்போது லோகா வாசலில் நின்றிருந்தாள். கையில் வீட்டுத் தண்ணீர் பாட்டில், தோளில் பெரிய பை. துணி வைத்து அடைத்த பை என்று பார்த்ததுமே தெரிந்தது. வர்ணிகா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள் லோகா. அவன் சிவந்த கண்களைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

டாக்டர் ஹுமேராவுக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, குரலில் அவசரமே கிடையாது. வர்ணிகாவிடம் கலர் பென்சிலையும் தாளையும் கொடுத்து மூலையில் ஒரு சின்ன மேஜையில் உட்கார வைத்துவிட்டு இவர்களிடம் வந்தார்.

"சாப்பாடு எப்படிங்க?"

"எதைக் குடுத்தாலும் மோந்து பார்க்கறாளுங்க டாக்டர்" என்றாள் லோகா. "தண்ணியக் கூட. ரெண்டு வாய்க்கு மேல எறங்கறதில்ல."

அப்போதுதான் மனோஜுக்குக் காலைத் தோசை ஞாபகம் வந்தது.

"வீட்டுல வேற யாராச்சும் அப்படி மோந்து பார்ப்பாங்களா?"

மனோஜ் லோகாவையே பார்த்தான். இதோ சொல்லப் போகிறாள், இதற்குத்தானே கூட்டிவந்தாள் என்று பழைய மனசு ஒரு தடவை எம்பிப் பார்த்தது. லோகா தலையைக் குனிந்து பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். புருஷனை அந்நியர் முன்னால் விட்டுக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"நானுங்க" என்றான் மனோஜ். "நான் அப்படித்தானுங்க. யாரு குடுத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது."

லோகா நிமிர்ந்தாள்.

"எனக்கும் சின்ன வயசுல இவளாட்டவே இருந்துச்சுங்க. பேசாம, திங்காம. ஊட்டுல காமாலைன்னு சொல்லி வெச்சுட்டாங்க. ஊருக்கும் சொன்னாங்க, எனக்கும் அதையேதான் சொன்னாங்க. இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது." பாலைப் பற்றி, அக்காவைப் பற்றி, அவன் சொல்லவில்லை. அவளை விட்டுக்கொடுக்கவும் அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஹுமேரா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"குழந்தைங்களுக்கும் மனச்சோர்வு வரும் சார். நாம நம்பறதில்ல, சோம்பல்ங்கறோம், அடம்ங்கறோம். அதைக் கவனிக்காம மூடி வெச்சா, சில பேருக்குப் பெரியவங்களான பின்னால அது குணமாவே படிஞ்சுபோக வாய்ப்பு கூடுது. யாரையும் நம்ப முடியாது. இல்லைன்னா ஒருத்தரையே கெட்டியாப் பிடிச்சுக்குவாங்க. ஆளுமைக் கோளாறுன்னு சொல்லுவோம். எல்லாருக்கும் வர்றதில்ல, அது ஒண்ணு மட்டும் காரணமும் இல்ல. ஒரு நாள் பார்த்துட்டு உங்களுக்கு அப்படி ஒரு பேரை நான் வெக்க மாட்டேன். நீங்க தனியா ஒருத்தரைப் பார்த்துப் பேசலாம், பேசினா நிறைய மாறும். ஆனா பாப்பாவுக்கு இப்பவே பார்த்துரலாம். காமாலைன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

லோகா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மனுஷனோடு பத்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு, அவன் தானாக ஒரு வார்த்தை தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி குடிக்கறியா?" என்றார் ஹுமேரா. லோகா கையிலிருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

வர்ணிகா பக்கத்தில் வந்தாள். பாட்டிலை வாங்கினாள். மோந்து பார்த்தாள். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா குடிக்கட்டும்."

ரொம்ப நாளைக்குப் பிறகு பிள்ளை தானாகப் பேசிய பேச்சு.

வீட்டுப் பானைத் தண்ணீர். சீல் இல்லை. இன்றைக்குப் பார்த்தா இந்தச் சோதனை? கலந்திருக்குமோ என்று பயந்தவனுக்கு, கலக்கத்தான் செய்வார்கள் என்று நிரூபணமே கிடைத்த நாள் இது. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அவன் தட்டை, அவன் டம்ளரை, அவன் மூக்கை.

அண்ணாந்து குடித்தான். பாதிப் பாட்டில் வரை குடித்தான்.

வர்ணிகா பாட்டிலைத் திரும்ப வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். லோகாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு. மனோஜ் மகளின் தலையில் கை வைத்தான்.

"இது கசக்கலீங்கப்பா" என்றாள் வர்ணிகா.

"தண்ணி எப்படிக் கண்ணு கசக்கும்?" என்றாள் லோகா, சிரிப்பும் அழுகையுமாக. "வேற எது அம்மணி கசந்துச்சு?"

"அத்தை ஊட்டுப் பாலு. ஞாயித்துக்கெழமை குடிக்கச் சொல்லுவாங்களே, அது."

மனோஜின் கை மகள் தலையிலேயே நின்றுபோனது. இன்னொண்ணும் சொல்லோணும் என்ற அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. ஹுமேரா பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன பாலு? எதுக்குக் கசக்குது?" லோகா பிள்ளையிடம்தான் கேட்டாள். பார்வை புருஷன் மேல் இருந்தது.

"நானும் கேட்டேம்மா" என்றாள் வர்ணிகா. "கீழாநெல்லின்னாங்க."

மேஜைமேல் மனோஜின் போன் அதிர்ந்தது. திரையில் ‘அக்கா’ என்று வந்தது. அவன் கை நீட்டுவதற்குள் லோகா எடுத்துக் காதில் வைத்தாள்.